குன்னூர்ப் பரணில் கிடந்த கெசட் இதழ்கள்: ஒரு மீட்பு ஆய்வு

குன்னூரில் தகரக் கூரை போட்ட ஒரு பழைய வீட்டின் பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள் இறக்கப்பட்டன. ஒன்றில் கமடோர் 64 கம்ப்யூட்டர், அதன் பவர் சப்ளை, 1530 டேட்டாசெட் என்ற கேசட் கருவி, 1541 பிளாப்பி டிரைவ், ஒரு டப்பா நிறைய ஐந்தேகால் அங்குல பிளாப்பி, கொஞ்சம் கேசட். மற்றதில் 1983 முதல் 1986 வரையிலான ‘கம்ப்யூட்ஸ் கெசட்’ இதழ்கள், நடுநடுவே சில மாதங்கள் விட்டுப்போய். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர் கொண்டுவந்த மெஷின் அது. அவர் இன்று இல்லை. அந்த நிரல்கள் மறுபடி ஓட வேண்டும், குறிப்பாக அவர் கடிதம் எழுதப் பயன்படுத்திய நிரல் ஓட வேண்டும் என்பதே வீட்டம்மா கேட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கேசட்டிலிருந்தும் பிளாப்பியிலிருந்தும் தேறியது மிகக் குறைவு. ஓடிய நிரல்களில் பெரும்பாலானவை அச்சுத் தாளிலிருந்து வந்தவை. நீலகிரி ஈரத்தில் காந்தப் பூச்சு தோற்றுப்போக, பூசணம் பூத்த காகிதம் தாக்குப்பிடித்தது. அதற்குக் காகிதத்தின் தரம் காரணமல்ல. அந்த இதழ் ஒவ்வொரு நிரல் வரியின் பக்கத்திலும் அச்சிட்ட ஒரு சின்ன எண்தான் காரணம்.

இதழின் கதை

கெசட்டின் வேர் 1979இல் இருக்கிறது. கமடோரின் பெட் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்காக லென் லிண்ட்சே நடத்திவந்த ‘பெட் கெசட்’ என்ற சிற்றிதழை ராபர்ட் லாக் எடுத்து, ‘கம்ப்யூட்!’ என்று பெயரிட்டு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோவிலிருந்து வெளியிட்டார். 1983இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசி அதை வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில், கமடோரின் விக்-20, கமடோர் 64 கம்ப்யூட்டர்கள் வைத்திருப்பவர்களுக்கென்றே தனி மாத இதழாக கெசட் வந்தது. 595 டாலருக்கு 1982 ஆகஸ்டில் கடைக்கு வந்த கமடோர் 64 அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அந்த நாளில் இதழ்தான் மென்பொருள் கடை. விளையாட்டு, கணக்கு, இசை, எழுத்துச் செயலி எல்லாம் பக்கம் பக்கமாக அச்சில் வரும். வாசகர் வரி வரியாகத் தட்டி, டேப்பிலோ பிளாப்பியிலோ சேமித்துக்கொள்ள வேண்டும். 1984 ஜனவரி இதழில் சார்லஸ் பிரானன் எழுதிய ஸ்பீட்ஸ்கிரிப்ட் என்ற எழுத்துச் செயலியே, சுமார் 5 கேபி அளவில், வெறும் எண்களாக அச்சாகி வந்தது. இந்த வீட்டுக்காரர் கடிதம் எழுதியதும் அதில்தான்.

நம் நாட்டில் 1984 நவம்பரில்தான் கம்ப்யூட்டர் இறக்குமதிக் கொள்கை தளர்ந்தது. அதை ஒட்டி வந்த கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குக் கிடைத்தது பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர். கமடோர் என்றால் வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பக்கத்தில் சந்தேகம் கேட்க ஆளில்லாத இடத்தில் ஒரு வாசகர் முந்நூறு வரி நிரலைத் தட்டிப் பிழையில்லாமல் ஓட்ட முடிந்ததென்றால், அந்த வேலையின் பாதியை இதழே செய்து வைத்திருந்தது என்று பொருள். அதை இதழியலின் பெரிய சாதனையாகவே நாங்கள் மதிக்கிறோம்.

1980களின் கடைசியில் நிரல்கள் பெருத்தன, பிசி பரவியது, தட்டச்சு செய்யும் பழக்கம் தேய்ந்தது. 1990இல் ஜெனரல் மீடியா என்ற பதிப்பு நிறுவனத்தின் கைக்குப் போனபின் கெசட் தனி இதழாக இல்லாமல் ‘கம்ப்யூட்!’ இதழுக்குள் ஒரு பகுதியாகச் சுருங்கியது. பிறகு பிளாப்பியில் மட்டும் வந்து 1995இல் நின்றது. ‘கம்ப்யூட்!’ அதற்கு முன்பே 1994 செப்டம்பரோடு முடிந்திருந்தது.

பெட்டியைத் திறந்தபோது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஊட்டியைவிட வடகிழக்குப் பருவமழையை அதிகம் வாங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பரண் உலர்வதே இல்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூசணம் பிடிக்கத் தொடங்கும்.

கேசட்டுகளுக்கு நேர்ந்தது ஈரத்தால் மட்டுமல்ல. பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட்டிருந்தார்கள். கேசட்டின் கூடு பெரும்பாலும் பாலிஸ்டைரீன். பாச்சை உருண்டையின் ஆவி அதை இளக்கிவிடும். சில கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே சுருள் சுற்றவில்லை. புத்தகத்துக்குப் போடும் பழக்கத்தில் இதையும் சேர்த்துப் போடுவது இங்கே பல வீட்டில் நடக்கிறது. பிளாஸ்டிக் இருக்கும் பெட்டியில் பாச்சை உருண்டை கூடவே கூடாது. நீலகிரித் தைலமும் வேண்டாம்; அட்டையில் எண்ணெய்க் கறை விழும், லேபிளின் பசை இளகும்.

சுருளைத் திருகு போட்ட புதுக் கூட்டுக்கு மாற்றினால் சில டேப் ஓடும். கமடோரின் ரோமில் (மெஷினிலேயே நிரந்தரமாகப் பதிந்த நிரல்) உள்ள முறைப்படி எழுதிய டேப்பில் ஒவ்வொரு துண்டும் இரண்டு முறை பதிவாகியிருக்கும். முதல் பிரதியில் விழுந்த பிழையை இரண்டாவதை வைத்து மெஷினே திருத்திக்கொள்ளும். ஆனால் பூசணம் நாடாவின் ஓரத்திலேயே நீளமாகப் படர்ந்தால் இரண்டும் போகும். டேட்டாசெட்டின் ஹெட் கோணம் மாறியிருந்தாலும் நல்ல டேப் படிக்காது. மூடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாக மெல்லிய ஸ்க்ரூடிரைவரால், ஒலி கூர்மையாகும்வரை, கால் திருகலுக்குள் சரிசெய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்கினோம் என்று பேனாவால் குறித்துவிட்டுத் திருகுவது நல்லது.

பிளாப்பியை உறைக்குள் கையால் மெல்லச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வட்ட வட்டமாக மங்கல் தெரிந்தால் டிரைவில் போடக் கூடாது. ஒரே ஒரு பூசணப் பிளாப்பி 1541இன் ஹெட்டை அழுக்காக்கி, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். இங்கே இருந்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன.

இதழ்களைப் பார்த்ததும் வீட்டம்மா கேட்டார்: “வெயில்ல நாலு நாள் போட்டா சரியாப் போயிராதா தம்பி?” கேள்வி நியாயம்தான். “வேண்டாங்கம்மா, அட்டை சுருண்டுக்கும், எழுத்தும் வெளிறிப் போயிரும்” என்பதே பதில். நிழலில், ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில், இதழை விசிறியாக விரித்து நிறுத்தி உலர்த்த வேண்டும். வழவழப்பான தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது; மேல் பூச்சோடு எழுத்தும் கிழிந்து வரும். தட்டையான எலும்புக் கத்தியை ஓரத்திலிருந்து மெல்ல நுழைத்துப் பிரித்து, பிரித்த தாள்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். பூசணத்தை மென்மையான தூரிகையால், வீட்டுக்கு வெளியே, என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு தட்டுவதே முறை. ஈரத் துணியால் துடைத்தால் காகிதத்துக்குள் தேய்ந்து இறங்கிவிடும். ராமபாணப் பூச்சி இருந்தால் இதழைக் காற்றுப் புகாத உறையில் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

சிலிக்கா ஜெல் பற்றி ஒரு கணக்கு. ஈரமான இடத்தில் கிடந்த காகிதம் தன் எடையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு தண்ணீரை வைத்திருக்கும். 20 கிலோ இதழ் என்றால் ஒன்றரைக் கிலோ தண்ணீர். அதில் கால் பங்கை இழுக்க வேண்டுமென்றாலே ஒரு கிலோவுக்கு மேல் ஜெல் தேவை. ஷூ பெட்டியில் வரும் பொட்டலங்களைப் போட்டுவிட்டு மூடுவதால் பயனில்லை. முதலில் இதழ் உலர வேண்டும். பிறகுதான் மூடி இறுக்கமான டப்பா, ஜெல், ஈரமானி. ஈரமானி 45க்கும் 55க்கும் நடுவே நிற்க வேண்டும். நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரி அவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும்.

மெஷினுக்கு மின்சாரம் கொடுக்குமுன்

கமடோர் 64இன் பழைய பவர் சப்ளையை நேராக மெஷினில் செருகுவது பெரிய ஆபத்து. உள்ளே இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதானால் மின்னழுத்தம் குறையாமல் ஏறிவிடும். ராம் சில்லுகள் அந்த இடத்திலேயே போகும். கெட்டியான பிசின் ஊற்றி மூடியிருப்பதால் பிரித்துப் பழுது பார்க்கவும் வழியில்லை. செருகாமலேயே மல்டிமீட்டரில் பாருங்கள்: ஏழு பின் பிளக்கில் 5ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் நடுவே 5 வோல்ட் டிசி, 6க்கும் 7க்கும் நடுவே 9 வோல்ட் ஏசி. டிசி 5.2ஐத் தாண்டினால் அதைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிய சப்ளை செய்துகொள்ள வேண்டும். டிசி பக்கம் 1.5 ஆம்பியர், ஏசி பக்கம் 1 ஆம்பியர் தாங்கினால் போதும். செருகும் முன் சரியாகக் காட்டிய பழைய சப்ளை சூடேறியபின் ஏறுவதும் உண்டு. அதனால் அளவு சரியாக இருந்தாலும் நாங்கள் பழையதை நம்புவதில்லை.

திரையில் 38911 பைட் காலியாக இருப்பதாகக் காட்டினால் ராம் நலம். எண் குறைந்தால் ஏதோ ஒரு சில்லு போய்விட்டது. திரை முழுக் கறுப்பானால் நினைவகத்தையும் மற்றச் சில்லுகளையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பிஎல்ஏ சில்லை முதலில் சந்தேகிக்கலாம். இந்த மெஷின் 38911 காட்டியது.

வரிக்கு ஒரு எண்

தட்டச்சு நிரலின் பெரிய எதிரி ஒரே ஒரு எழுத்துப் பிழை. 1983 அக்டோபர் இதழில் கெசட் அதற்குத் தந்த மருந்து ‘ஆட்டோமேடிக் ப்ரூஃப்ரீடர்’. அதை ஒருமுறை தட்டி ஓட்டிவிட்டால் நினைவகத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் எந்த வரியைத் தட்டி ரிட்டர்ன் அழுத்தினாலும் திரையின் மேல் இடது மூலையில் ஓர் எண் தோன்றும். அச்சில் அதே வரியின் முடிவில் ‘:ரெம்’ (குறிப்பு என்று பொருள்) என்று போட்டு அந்த எண் இருக்கும். அதைத் தட்டக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே. இரண்டும் ஒன்றானால் அடுத்த வரி. வேறானால் அந்த வரியிலேயே பிழை. முந்நூறு வரியைத் தட்டி முடித்தபின் தேட வேண்டியதில்லை.

அதன் உள்ளே இருக்கும் கணக்கு மிக எளிது. தட்டிய ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் கூட்டும், இடைவெளியை விட்டுவிடும், 256ஐத் தாண்டியதைக் கழிக்கும். 10 என்ற வரியெண், பிரிண்ட் கட்டளை, மேற்கோளுக்குள் முதல் எழுத்தான ஏ மட்டும் என்று வைத்துக்கொள்வோம். 49, 48, 80, 82, 73, 78, 84, 34, 65, 34. கூட்டினால் 627. இரண்டு 256 போக மிச்சம் 115. திரையில் வருவது 115.

முழு நிரலும் 133 பைட். 886 முதல் 1018 வரையிலான முகவரிகளில் உட்காரும். அது டேப்புக்கென்று ஒதுக்கிய நினைவிடம். டேப் பயன்படுத்துகிறவர் ப்ரூஃப்ரீடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேமித்தால் இரண்டும் மோதும். சேமிக்குமுன் ரன்-ஸ்டாப், ரெஸ்டோர் இரண்டையும் சேர்த்து அழுத்தி அதை நிறுத்த வேண்டும். டேப் ஓடியபின் அந்த இடம் அழிந்திருக்கும், அதனால் மறுபடி ஏற்ற வேண்டும். பிளாப்பிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, மறுபடி இயக்க ‘சிஸ் 886’ என்று தட்டினால் போதும். விக்-20, கமடோர் 64 இரண்டிலும் அதே 133 பைட்டே ஓடும்படி எழுதியிருந்தார்கள். எந்த மெஷின் என்று உள்ளேயே பார்த்து வழி மாறிக்கொள்ளும். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு அக்கறை.

ப்ரூஃப்ரீடரையே பிழையாகத் தட்டினால்? டேட்டா வரிகளில் உள்ள, அதாவது படித்து நினைவகத்தில் போட வேண்டிய எண்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் ஒரு வரி அதில் இருக்கிறது. மொத்தம் 17539 வர வேண்டும். வராவிட்டால் நின்றுவிடும். ஆனால் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தால் மொத்தம் மாறாது. அதனால் இந்த ஒரு நிரலை மட்டும் ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் தட்டுவது நல்லது. வாங்கும் நேரம் குறைவு, தப்பிக்கும் தலைவலி அதிகம்.

வெறும் கூட்டலுக்கு உள்ள பலவீனம் வரிகளிலும் உண்டு. எழுத்துகள் இடம் மாறினால் எண் மாறாது. மேலே சொன்ன பிரிண்ட் கட்டளையில் ஆரும் ஐயும் இடம் மாறினாலும் 115தான். அங்கே மெஷினே தொடரியல் பிழை என்று சொல்லிவிடும், ஆபத்தில்லை. ஆபத்து எண்களில் இருக்கிறது. நினைவகத்தின் ஒரு முகவரியில் ஓர் எண்ணைப் போடும் கட்டளை ‘போக்’. திரையின் ஓர நிறத்தை மாற்ற ‘போக் 53280,0’ என்று இருக்கும். அதை 52380 என்று தட்டினால் ப்ரூஃப்ரீடர் மௌனமாக ஏற்கும், மெஷினின் நிரல்மொழியான பேசிக்கும் ஏற்கும். ஓரம் நிறம் மாறாது. அது மட்டுமென்றால் பரவாயில்லை. 52380 என்பது 49152 முதல் 53247 வரை மெஷின் கோட் (சில்லு நேராகப் படிக்கும் எண் வடிவ நிரல்) வைக்கும் இடத்துக்குள் விழுகிறது. அங்கே ஒரு பைட் அழிந்து, நிரல் எங்கோ எப்போதோ உறைந்துபோகும். எண் சரியாக இருந்தும் நிரல் உறைந்தால் முதலில் ஐந்திலக்க முகவரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1986 பிப்ரவரியில் வந்த புதிய ப்ரூஃப்ரீடர் எழுத்தின் இடத்தையும் கணக்கில் சேர்த்து, எண்ணுக்குப் பதில் இரண்டெழுத்துக் குறி காட்டியது. இந்த ஓட்டை அதோடு அடைந்தது.

கட்டளையைச் சுருக்கித் தட்டினாலும், அதாவது பிரிண்ட்டுக்குக் கேள்விக்குறி போட்டாலும், எண் ஒத்துவராது. லிஸ்ட் கட்டளையால் நிரலைத் திரையில் காட்டி, முழுதாக விரிந்த அந்த வரியின்மேல் ரிட்டர்ன் அழுத்தினால் சரியான எண் வரும்.

இந்த மீட்பில் எல்லாவற்றையும் கையால் தட்டவில்லை. தாளை 400 டிபிஐ சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்து எழுத்துணரியில் (ஓசிஆர்) கொடுத்தோம். கறுப்பு-வெள்ளையாக ஸ்கேன் செய்தால் பூசணப் புள்ளி முற்றுப்புள்ளியாகவும் காற்புள்ளியாகவும் மாறிவிடும். எழுத்துணரி 8ஐ பி என்றும், 0ஐ ஓ என்றும், 5ஐ எஸ் என்றும் படிக்கும். அங்கேதான் அந்த ரெம் எண்கள் உயிர் கொடுத்தன: வரியிலிருந்து ரெம் பகுதியைத் தனியே எடுத்துவிட்டு, மீதியின் குறியெண்களைக் கூட்டி ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும். பிழை உள்ள வரிகள் மட்டும் வெளியே வரும். அடைப்புக்குறிக்குள் அச்சான கட்டுப்பாட்டுக் குறிகளை மட்டும் ஸ்கிரிப்ட்டுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்: திரையைத் துடைப்பது 147, கர்சர் கீழே 17, மேலே 145, வலம் 29, இடம் 157. அடிக்கோடிட்ட எழுத்து என்றால் ஷிஃப்ட். அதன் எண்ணோடு 128 கூட்ட வேண்டும். பிறகு, இன்றைய கணினியிலேயே கமடோரைப் போல இயங்கிக் காட்டும் வைஸ் எமுலேட்டரோடு வரும் பெட்கேட் கருவி உரையைக் கமடோர் கோப்பாக்கிவிடும். அதற்குக் கொடுக்கும் உரை சிறிய எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டளைகள் குறியீட்டு எழுத்துகளாகிவிடும்.

எண்களாலேயே ஆன நிரல்

ஸ்பீட்ஸ்கிரிப்ட் பேசிக்கில் இல்லை, மெஷின் கோடில். அதற்கு இதழ் வைத்திருந்த கருவி எம்எல்எக்ஸ். ஒவ்வொரு வரியிலும் முகவரி, ஆறு எண்கள், ஏழாவதாகச் சோதனை எண். முகவரியையும் சேர்த்தே கூட்டுவதால் ஒரு வரியைத் தாண்டித் தட்டினாலும் பிடிபடும். தவறினால் அந்த வரியை விட்டு நகரவே விடாது.

5 கேபி என்றால் சுமார் 850 வரி. வரிக்கு ஏழு மூன்றிலக்க எண், 21 தட்டல். மொத்தம் 18,000 தட்டலுக்குக் கிட்டே. 1985 டிசம்பரில் வந்த புதிய எம்எல்எக்ஸ், ஒரு பைட்டை இரண்டே எழுத்தில் எழுதும் பதினாறடிமான எண்ணுக்கு மாறி, வரிக்கு எட்டு பைட்டும் ஒரு சோதனை எண்ணுமாக 18 தட்டலில் முடித்தது. அதே 5 கேபி 11,500 தட்டலுக்குள் அடங்கும். ஸ்கேன் செய்வதற்கு மட்டும் பழைய முறையே எளிது; பத்து இலக்கங்களைத் தவிர வேறெதுவும் இல்லாததால் எழுத்துணரியை எண் மட்டும் படிக்கும்படி கட்டிவிடலாம். ஸ்பீட்ஸ்கிரிப்ட் இப்படித்தான் திரும்பக் கிடைத்தது. பூசணத்தில் கரைந்துபோன எண் வரியில் ஒன்றே ஒன்றாக இருந்தால், சோதனை எண்ணிலிருந்து மற்றவற்றைக் கழித்து அதைக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. இரண்டு எண்கள் போன வரிகளுக்கு அது உதவாது; அங்கே பூதக்கண்ணாடியும் பொறுமையும்தான்.

சோதனை எண் இல்லாத ஆரம்ப இதழ்களின் நிரல்கள்தான் அதிக நேரம் எடுத்தன. டேட்டாவில் காற்புள்ளி விட்டுப்போய் 169, 0 இரண்டும் 1690 ஆனால், அளவுப் பிழை என்று மெஷின் நிற்கும். ஆனால் காட்டும் வரியெண் போக் இருக்கும் வரியுடையது, பிழை இருக்கும் டேட்டா வரியுடையது அல்ல. அப்போது, ஒரு முகவரியில் உள்ள எண்ணைப் படிக்கும் பீக்கை வைத்து பீக்(63)+256*பீக்(64) என்று அச்சிட்டால் கடைசியாகப் படித்த டேட்டா வரியின் எண் கிடைக்கும். எதை ஓட்டும் முன்னும் சேமித்துவிட வேண்டும். மெஷின் கோட் உறைந்தால் மின்சாரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகலாம்.

எல்லா எண்ணும் சரி, நிரல் மட்டும் ஓடவில்லை

இது அரிதல்ல. அச்சான நிரலிலேயே பிழை இருந்தால் சோதனை எண் அந்தப் பிழைக்கே ஒத்துப்போகும். கெசட் அதை மறைக்கவில்லை. ‘பக்-ஸ்வாட்டர்’ என்ற பகுதியில் பின்வரும் மாதங்களில் திருத்த வரிகளை வெளியிட்டது. ‘கம்ப்யூட்!’ இதழில் அதே வேலையைச் செய்த பகுதி ‘கப்யூட்!’. ஆகவே ஓர் இதழை மட்டும் பத்திரப்படுத்துவது போதாது. அதற்கடுத்த மூன்று நான்கு இதழ்களையும் சேர்த்தே வைக்க வேண்டும். பரண் இதழ்களைப் பிரித்துப் பழைய பேப்பருக்குப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. நிரல் இல்லாத மெலிந்த இதழ் என்று தள்ளுவதில்தான் திருத்தம் இருக்கும்.

குன்னூர்ப் பெட்டியில் 1985இன் நடுப்பகுதி மாதங்கள் இல்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஓர் இசை நிரல் இன்னும் ஓடவில்லை. வரிக்கு வரி ரெம் எண் ஒத்துப்போகிறது, ஐந்திலக்க முகவரிகளிலும் இடமாற்றம் இல்லை, மெஷின் ஒரே நேரத்தில் எழுப்பும் மூன்று குரல்களில் மூன்றாவது மட்டும் ஒலிப்பதில்லை. திருத்தம் விட்டுப்போன அந்த மாதங்களில் ஒன்றில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவரை அந்த நிரல், அச்சில் இருந்தபடியே, ‘சரிபார்க்கவில்லை’ என்ற குறிப்போடு தனிக் கோப்பாக வைக்கப்பட்டிருக்கிறது.